ஏலகிரிச் சமையலறைத் தரைக்கு அடியில் மின்சூடு போடலாமா?

முதலில் கனடாவில் இருக்கும் அக்காவுக்குப் போன் செய்து, அவர் கொண்டுவருவதாகச் சொல்லும் ஹீட்டிங் மேட் பெட்டியின் மேல் எத்தனை வோல்ட் என்று எழுதியிருக்கிறது எனக் கேளுங்கள். 120 என்றிருந்தால் வாங்க வேண்டாம், வாங்கிவிட்டிருந்தால் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடச் சொல்லுங்கள். 240 என்றிருந்தால் நமக்குப் பயன்படும். மற்றதை அதன் பிறகு பேசலாம்.

நீங்கள் கேட்டதை மற்றவர்களுக்காகச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஏலகிரியில் அத்தனாவூர்ப் பக்கம் பழைய வீடு. சமையலறை பத்தடிக்குப் பன்னிரண்டடி. தரைக் கல் பெயர்ந்துவிட்டதால் புதிதாக டைல்ஸ் போடப் போகிறீர்கள். அம்மாவுக்கு எழுபது வயது, மூட்டுவலி, சர்க்கரையும் இருக்கிறது. மார்கழியில் விடியற்காலை அந்தத் தரையில் கால் வைக்க முடியவில்லை என்கிறார். அக்கா அங்கிருந்து தரைக்கு அடியில் விரிக்கும் ஹீட்டிங் மேட் ஒன்றைக் கொண்டுவருவதாகச் சொல்கிறார். உள்ளூர் எலக்ட்ரீஷியன், மேஸ்திரி இருவருமே அதைப் பார்த்ததில்லை. போடலாமா, போடுவதென்றால் எப்படி?

நான் காட்பாடிக்காரன். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் ஒன்பது ஆண்டு எலக்ட்ரீஷியனாக வேலை பார்த்தேன். அங்கே குளியலறைக்கும் சமையலறைக்கும் இதைப் போடுவது நாம் சீலிங் ஃபேன் மாட்டுவதைப் போன்ற அன்றாட வேலை. திரும்பி வந்த பிறகு ஏலகிரியில் இரண்டு வீடுகளுக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். வேலூர் நகரத்துக்குள் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கேட்டாலும் போட்டுக் கொடுக்க மாட்டேன். நீரில்லா ஆறு, மரமில்லா மலை, அரசனில்லாக் கோட்டை என்று வேலூரைக் கிண்டல் செய்யும் பட்டியலில் குளிரில்லா மார்கழியையும் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறையில் இரவு பத்து மணிக்கும் தரை வெதுவெதுப்பாகத்தான் இருக்கும், காசு கொடுக்காமலே.

மலை மேல் கதை வேறு. பொன்னேரியிலிருந்து 14 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏறக்குறைய 1,100 மீட்டர் உயரத்துக்கு வந்துவிடுகிறோம். 2019 முதல் ஏலகிரி திருப்பத்தூர் மாவட்டம் என்றாலும், எங்களைப் போன்ற பழைய வட ஆற்காட்டுக்காரர்களுக்கு அது வேலூர் மலைதான். போன மார்கழியில் அங்கே ஒரு வீட்டில் காலை ஐந்தரை மணிக்குத் தரையை அளந்து பார்த்தேன், 16 டிகிரி காட்டியது. காற்றில் 16 என்றால் ஒரு சட்டை போதும். கல்லில் 16 என்றால் உள்ளங்காலில் ஊசி. கல் மரத்தைவிடப் பல மடங்கு வேகமாகச் சூட்டை உறிஞ்சும். அதே அறையில் கிடந்த பலாப் பலகையும் அதே 16 டிகிரிதான், ஆனால் அதன் மேல் நின்றால் குளிராது.

அதனால் உங்களுக்கு ஒரு கேள்வி. அம்மா நிற்கும் இடத்தில் ஒரு நல்ல மரப்பலகை, காலுக்கு ரப்பர் செருப்பு, ஜன்னல் இடுக்கில் வரும் காற்றை அடைப்பது, இவை மூன்றும் செய்து பார்த்தாயிற்றா? பழைய தரை நன்றாக இருந்து, இந்த மேட்டுக்காக மட்டும் அதைப் பெயர்க்கிறேன் என்று நீங்கள் சொல்லியிருந்தால், பலகையோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று இந்தப் பதிலை இங்கேயே முடித்திருப்பேன். வருடத்தில் இரண்டு மாதக் குளிருக்காகத் தரையை உடைப்பது வீண். ஆனால் தரை எப்படியும் பெயர்ந்துவிட்டது, எப்படியும் புதிதாகப் போடப் போகிறீர்கள், அம்மா செருப்போடு சமையலறைக்குள் போகமாட்டேன் என்கிறார். இந்த நிலையில் போடலாம். மேட்டுக்கு ஆகும் செலவைவிட அதற்கு அடியில் போடும் பொருளுக்கும் மேலே பூசும் பொருளுக்கும் அதிகம் ஆகும், அதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சின்ன விலகல். கொரியாவில் அடுப்புப் புகையைத் தரைக்கு அடியில் ஓடவிட்டு வீட்டைச் சூடாக்கும் ஒண்டோல் என்ற முறை பல நூற்றாண்டுகளாக இருந்திருக்கிறது. நமக்கு அது தேவைப்படவில்லை. நம் பாட்டிமார் விறகடுப்புக்கு முன்னால் மணை போட்டு உட்கார்ந்தார்கள். அடுப்பும் தரையில், சமைப்பவரும் தரையில். கேஸ் அடுப்பு மேடையேறிய பிறகுதான் மலைவீடுகளில் சமையலறைத் தரை இப்படிக் குளிர்ந்துபோனது.

இனி வோல்ட்டேஜ் கணக்கு. இந்த மேட் என்பது கண்ணாடி நார் வலையில் வளைத்து வளைத்து ஒட்டப்பட்ட ஒரே நீளக் கம்பி. மூன்று நான்கு மில்லிமீட்டர் தடிமன்தான். அதில் மோட்டாரும் இல்லை, மூளையும் இல்லை, வெறும் மின்தடை. மின்தடைக் கம்பியில் வோல்ட்டேஜ் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். 120 வோல்ட் மேட்டை நம் 230 வோல்ட்டில் செருகினால் மூன்றரை மடங்குக்கு மேல் சூடேறி, டைல்ஸுக்கு அடியிலேயே கருகிப் போகும். 240 வோல்ட் மேட் என்றால் எழுதியிருப்பதைவிடச் சற்றுக் குறைவாகத் தரும். 750 வாட் என்று போட்டிருந்தால் இங்கே 690 வாட் கிடைக்கும், போதும். ஆனால் சூடு ஏறியதும் கரண்டை நிறுத்தும் தெர்மோஸ்டாட்டை மட்டும் அங்கிருந்து கொண்டுவர வேண்டாம். அவர்களுடைய 240 என்பது இரண்டு 120 சேர்ந்தது, நம்முடையது ஒரு ஃபேஸ், ஒரு நியூட்ரல். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று குறித்த, 16 ஆம்பியர் தாங்கும், தரை சென்சார் கொண்ட தெர்மோஸ்டாட்டை இங்கே வாங்குங்கள். சென்சாரும் அதனோடு வந்ததாகவே இருக்க வேண்டும். ஒன்றின் சென்சாரை இன்னொன்றில் மாட்டினால் 25 டிகிரியை 30 என்று படிக்கும்.

அடுத்தது அளவு. அக்கா அறை முழுவதற்கும் கணக்குப் போட்டு 11 சதுர மீட்டர் மேட் வாங்கிவிடப் போகிறார், தடுத்துவிடுங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் மேடை இரண்டு சுவரோரமும் இரண்டடி அகலத்துக்கு வருகிறது என்றால் அதிலேயே 40 சதுர அடி போய்விடும். ஃப்ரிட்ஜ் நிற்கும் இடம் ஆறு சதுர அடி. சுவரிலிருந்தும் மேடையிலிருந்தும் அரையடி விலக்கினால் மிஞ்சுவது 57 சதுர அடி போல, அதாவது 5 சதுர மீட்டருக்குச் சற்று மேல். 5 சதுர மீட்டர் மேட் வாங்குங்கள். இந்த மேட்டில் வலையை வெட்டி வளைக்கலாம், திருப்பலாம், ஆனால் கம்பியை ஒருபோதும் வெட்டக்கூடாது. அதனால் மிஞ்சினால் ஒளித்துவைக்க இடமில்லை. மேட்டின் மேல் மேட்டை மடித்துப் போட்டால் அந்த இடத்தில் கம்பி வெந்துவிடும். கொஞ்சம் குறைவாக வாங்குவதே நல்லது. சதுர மீட்டருக்கு 150 வாட் வகை டைல்ஸ் தரைக்குச் சரியானது, அவர்கள் கணக்கில் சதுர அடிக்கு 12 முதல் 15 வாட் என்று இருக்கும்.

மேடைக்கு அடியில் ஏன் கூடாது? நம் வீடுகளில் மேடைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று குனிந்து பாருங்கள். சிலிண்டர், அரிசி டிரம், எண்ணெய் டின், வெங்காயக் கூடை. சூடு மேலே போக வழியில்லாத இடத்தில் அது தேங்கி ஏறிக்கொண்டே போகும். தெர்மோஸ்டாட்டின் சென்சார் நடுத்தரையில் இருப்பதால் மேடைக்கு அடியில் நடப்பது அதற்குத் தெரியாது. வெங்காயம் முளைவிடுவதோடு போனால் பரவாயில்லை, சிலிண்டருக்கு அடியில் சூட்டுக் கம்பி என்பதை எந்தக் காரணத்துக்காகவும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தரையாகப் பரவும். தெர்மோஸ்டாட்டுக்குள் இருக்கும் ரிலே என்னும் தானியங்கி சுவிட்ச் ஒவ்வொரு முறை விழும்போதும் ஒரு சிறு பொறி உண்டு. ஆகவே தெர்மோஸ்டாட் சமையலறைக்கு வெளியே, கூடத்துச் சுவரில், தோள் உயரத்தில் இருக்கட்டும். பாத்திரம் கழுவும் தண்ணீரும் அங்கே தெறிக்காது.

இப்போது தரைக்கு அடியில். கம்பி போடுவதைவிட இது முக்கியம், ஆனால் எல்லோரும் விட்டுவிடுவது இதைத்தான். சூடு மேலே மட்டும்தான் போகும் என்று ஒரு நம்பிக்கை எல்லோருக்கும் இருக்கிறது. மேலே போவது சூடான காற்று. கல்லுக்குள் சூடு எந்தப் பக்கம் குளிரோ அந்தப் பக்கம் போகும். உங்கள் வீடு தரைத்தளம், கீழே ஜல்லிக் கான்கிரீட், அதற்கும் கீழே மலை. சூடு கீழே இறங்காமல் தடுக்கும் காப்பு இல்லாமல் போட்டால் அம்மாவின் காலைச் சூடாக்குவதற்கு முன் ஏலகிரியைச் சூடாக்க வேண்டியிருக்கும். லீட்ஸில் ஒரு வீட்டில் முந்தைய ஆள் காப்புப் பலகையை மிச்சம் பிடித்திருந்தார். காலையில் சுவிட்சைப் போட்டால் மதியத்துக்கு மேல்தான் தரை வெதுவெதுக்கும், அந்த வீட்டுக்காரர்கள் எட்டு மணிக்கே வேலைக்குப் போய்விடுவார்கள். காப்பு இருந்தால் அரைமணி நேரத்தில் காலுக்குத் தெரியும்.

காப்புக்கு எக்ஸ்.பி.எஸ் என்னும் அழுத்தமான நுரைப் பலகை, இருபுறமும் சிமெண்ட் பூச்சுள்ளது, 10 மி.மீ. தடிமன் போதும். டி.வி. பெட்டியில் வரும் வெள்ளைத் தெர்மாகோலை யாராவது யோசனை சொல்வார்கள். அது ஆட்டுக்கல்லின் பாரத்துக்கு அமுங்கும், டைல்ஸ் விரிசல் விடும். பலகையைப் பழைய கான்கிரீட்டின் மேல் டைல் பசையால் முழுவதுமாக ஒட்ட வேண்டும், அடியில் குழிவாக எந்த இடமும் இருக்கக்கூடாது. மலை மண்ணில் ஈரம் கீழிருந்து ஏறும் என்பதால் அதற்கு முன் ஒரு நீர்த்தடுப்புப் பூச்சும் கொடுத்துவிடுங்கள்.

உயரத்தையும் இப்போதே கணக்கிடுங்கள். பலகை, பசை, மேட்டை மூடும் பூச்சு, மீண்டும் பசை, டைல்ஸ் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய ஒன்றரை அங்குலம் வரும். கதவு அடியில் இடிக்குமா, கூடத்துத் தரையைவிட உயர்ந்துவிடுமா என்று பாருங்கள். நம் வீடுகளில் சமையலறையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவோம், எனவே வாட்டம் வேண்டும். அந்த வாட்டத்தைக் கான்கிரீட்டிலேயே எடுத்துவிட வேண்டும். டைல் பசையில் ஒரு பக்கம் தடிமனாகவும் மறுபக்கம் மெல்லிதாகவும் இழுத்து வாட்டம் எடுத்தால் தரை ஒரு பக்கம் சுடும், ஒரு பக்கம் குளிரும்.

மேஸ்திரியிடம் பேச வேண்டியது இனிதான் வருகிறது. நம் ஊரில் டைல்ஸ் போடும் முறை உங்களுக்குத் தெரியும். மணல் சிமெண்ட் கலவையை இரண்டு அங்குலத்துக்குக் கொட்டி, மணியாசுக் கட்டையால் இழுத்து, சிமெண்ட் பாலை ஊற்றி, டைலை வைத்து ரப்பர் சுத்தியலால் தட்டுவார்கள். டைலைத் தட்டிப் பார்த்தால் இங்கொன்றும் அங்கொன்றும் டொக் டொக் என்று பொள்ளல் சத்தம் வரும், அது பரவாயில்லை என்று போய்விடுவார்கள். சாதாரணத் தரைக்குப் பரவாயில்லைதான். சூட்டுக் கம்பித் தரையில் அந்தப் பொள்ளல்தான் எமன். பசைக்குள் புதைந்த கம்பி தன் சூட்டைச் சுற்றியுள்ளதற்குக் கொடுத்துவிடும். காற்றுக் குமிழுக்குள் தொங்கும் கம்பிக்குக் கொடுக்க ஆளில்லை, தானே சூடேறி அந்த ஓரிடத்தில் கருகும். எனவே இங்கே கலவை கிடையாது, பாலும் கிடையாது. வளையும் தன்மையுள்ள டைல் பசை, எஸ்1 என்று குறித்தது, பல்கரண்டியால் இழுத்து முழுப்பரப்பும் பிடிக்கும்படி ஒட்ட வேண்டும். தரை தினமும் சூடாகி ஆறுவதால் சற்றே விரியும், சுருங்கும். சாதாரணப் பசை இரண்டு மூன்று குளிர்காலத்தில் விட்டுவிடும். அதே காரணத்துக்காகச் சுவரோரம் சுற்றிலும் ஐந்து மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, அதைச் சிமெண்டால் அடைக்காமல் சிலிகானால் மூடுங்கள்.

மேட்டின் மேல் நேரடியாக டைல் ஒட்டலாம் என்று பெட்டியில் எழுதியிருக்கும். லீட்ஸில் அப்படித்தான் செய்வோம். இங்கே நான் அப்படிச் செய்வதில்லை. முதலில் தானாக மட்டமாகும் லெவலிங் பூச்சை ஊற்றிக் கம்பியை மூடி, அது இறுகிய பிறகு மேஸ்திரியை உள்ளே விடுகிறேன். காரணம் நிலாவூர்ப் பக்கம் ஒரு வீட்டில் நான் பட்ட பாடு.

அது நான்கு சதுர மீட்டர் மேட், 230 வோல்ட், 600 வாட். அப்படியானால் கம்பியின் மின்தடை 88 ஓம் இருக்க வேண்டும். பெட்டியைப் பிரித்ததும் அளந்தேன், 88. விரித்து ஒட்டியதும் அளந்தேன், 88. மேஸ்திரி அனுபவசாலி, கை சுத்தம். பசையைக் கொட்டி டைல்ஸ் வைக்கத் தொடங்கினார். பதினோரு மணிக்கு டீ வந்தது. நான் டீயைக் குடித்துக்கொண்டே மல்டிமீட்டரை வைத்தேன், 88. எழுந்து போயிருப்பேன். ஏதோ பழக்கத்தில், கம்பியின் உறை வழியே மின்சாரம் கசியுமா என்று சோதிக்கும் மெக்கரையும் எடுத்து, கம்பிக்கும் அதைச் சுற்றியுள்ள உலோகப் பின்னலுக்கும் நடுவே வைத்தேன். காலையில் அளவு கடந்து காட்டிய மெக்கர் இப்போது பூஜ்யத்தில் நின்றது.

நடந்தது இதுதான். பசையை இழுக்கும்போது கரண்டியின் ஓரம் கம்பியின் உறையைக் கீறி, உள்கம்பியையும் பின்னலையும் தொடவைத்துவிட்டது. கம்பி அறுபடவில்லை, அதனால் மல்டிமீட்டருக்கு எல்லாம் சரி. சுவிட்சைப் போட்டிருந்தால் லீக்கேஜ் ஆகி டிரிப் ஆகியிருக்கும், அதுவும் ஒரு மாதம் கழித்து, எல்லா டைல்ஸும் இறுகிய பிறகு. அப்போது வரை ஒன்பது டைல்தான் ஒட்டியிருந்தார். பசை ஈரமாக இருந்ததால் ஒவ்வொன்றாகப் பெயர்த்தோம். ஏழாவது டைலுக்கு அடியில், அரிசி மணி அளவுக்கு ஒரு பளபளப்பு, உறை கிழிந்து உலோகம் தெரிந்தது. இதற்கென்று வரும் இணைப்புச் சாமானை வைத்து ஒட்டினேன். மேஸ்திரி அன்று முழுக்க என்னிடம் பேசவில்லை. தப்பு அவருடையதல்ல, கம்பியின் மேல் கரண்டி ஓடவிட்டது நான்தான்.

ஆகவே உங்கள் எலக்ட்ரீஷியனிடம் இரண்டு அளவுகளைக் கேளுங்கள், ஒன்று போதாது. ஒன்று கம்பியின் மின்தடை. 240 வோல்ட், 750 வாட் மேட் என்றால் 77 ஓமுக்கு அருகில் இருக்க வேண்டும், சிறிது கூடக்குறைய இருக்கலாம், எவ்வளவு என்பது பெட்டியிலேயே அச்சாகியிருக்கும். இன்னொன்று 500 வோல்ட் மெக்கரால் கம்பிக்கும் பின்னலுக்கும் நடுவே. நல்ல மேட் நூறு மெகா ஓமுக்கு மேல் காட்டும். பெட்டியைப் பிரித்ததும், விரித்ததும், பூச்சு ஊற்றியதும், டைல்ஸ் முடிந்ததும் என்று நான்கு முறை. மெக்கர் வைக்கும்போது தெர்மோஸ்டாட்டையும் சென்சாரையும் கழற்றிவிட வேண்டும், இல்லையென்றால் அந்த 500 வோல்ட் அவற்றைக் கொன்றுவிடும். மெக்கர் இல்லாத எலக்ட்ரீஷியன் என்றால் வேறொருவரைப் பாருங்கள். ஜோலார்பேட்டை, வாணியம்பாடிப் பக்கம் தொழிற்சாலைகளில் வேலை பார்ப்பவர்களிடம் கட்டாயம் இருக்கும்.

தரை சென்சாரைப் பற்றி ஒரு வார்த்தை. அதை நேரடியாகப் பூச்சுக்குள் புதைக்காதீர்கள். ஒரு மெல்லிய குழாயின் முனையை அடைத்து, இரண்டு கம்பி வரிசைகளுக்கு நடுவே வைத்து, அந்தக் குழாய்க்குள் சென்சாரை விடுங்கள். பத்து வருடத்தில் கெட்டுப்போவது கம்பியல்ல, சென்சார்தான். குழாய்க்குள் இருந்தால் உருவி எடுத்துப் புதிதை விடலாம்.

மின் இணைப்பு எளிது. மெயின் போர்டிலிருந்து இதற்கென்று தனி லைன், 6 ஆம்பியர் எம்.சி.பி., மூன்று ஆம்பியர்தான் இழுக்கும். ஆனால் மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாமல் இதற்கு மின்சாரம் கொடுக்கவே கூடாது. வெறுங்காலோடு ஈரத்தரையில் நிற்கும் ஒரு மூதாட்டியின் காலுக்குக் கீழே மின்சாரம் ஓடப் போகிறது என்பதை மறக்க வேண்டாம். கம்பியைச் சுற்றியுள்ள பின்னலை எர்த்தில் இணைக்க வேண்டும். பழைய வீடுகளில் எர்த் கம்பி சுவருக்குள் எங்கோ போய் எங்கும் சேராமல் நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஏலகிரி பாறை நிலம், கரியும் உப்பும் போட்டுக் குழி வெட்டினாலும் எர்த் அளவு சமவெளியைப் போல இறங்காது. நல்லவேளையாக ஆர்.சி.சி.பி. வேலை செய்ய மிகச் சிறந்த எர்த் தேவையில்லை, ஓரளவு எர்த் இருந்தாலே விழுந்துவிடும். எர்த்தே இல்லையென்றால்தான் ஆபத்து. அதன் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

இன்வெர்ட்டர் லைனில் இதைச் சேர்க்காதீர்கள். மழைக்காலத்தில் மலையில் கரண்ட் போனால் பேட்டரி விளக்குக்கும் ஃபேனுக்கும்தான், தரைக்கல்ல. வோல்ட்டேஜ் இறங்கும் நாட்களில் தரை சோம்பேறியாகிவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 180 வோல்ட்டுக்கு இறங்கினால் சூடு 60 சதவீதமாகக் குறையும். மேட் கெட்டுவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம்.

செலவு: காலை ஐந்து முதல் எட்டு வரை, மாலை இரண்டு மணி நேரம் என்று டைமர் வைத்தால், முதல் ஒரு மணி நேரம் முழுதாக இழுத்து, பிறகு பாதி நேரம் நின்று நின்று ஓடும். நாளுக்கு இரண்டரை யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 நாளுக்கு 150 யூனிட். இரண்டு மாதக் கணக்கில் இப்போதே 400 யூனிட் போல ஓடும் வீடென்றால் இது 500-ஐத் தாண்டவைத்து, கட்டணப் படியை மாற்றிவிடும். பில்லை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். நாள் முழுதும் போட்டுவைக்கத் தேவையில்லை. இது அறைக் காற்றைச் சூடாக்கும் கருவியும் அல்ல. புகைபோக்கி ஃபேன் ஓடும், ஜன்னல் திறந்த சமையலறையில் 690 வாட் காற்றுக்கு ஒரு மூலைக்கும் காணாது. தரையின் குளிரை எடுக்கும், அவ்வளவுதான்.

அம்மாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சர்க்கரை பல ஆண்டுகளாக இருந்தால் உள்ளங்காலில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். சுடுகிறது என்று அவருக்குத் தெரியாது. 44 டிகிரி அளவுக்குச் சூடான பரப்பில் மணிக்கணக்கில் தோல் பட்டுக்கொண்டே இருந்தால் புண்ணாகும், கொதிக்க வேண்டும் என்றில்லை. எனவே தெர்மோஸ்டாட்டில் தரையின் உச்ச வரம்பை 27 டிகிரியில் பூட்டி வைத்துவிடுங்கள். 27 என்பது கையால் தொட்டால் சூடு என்றே தோன்றாது. குளிரவில்லை என்று மட்டும் தெரியும், அதுதான் வேண்டியது. அரிவாள்மணையோடு அதே இடத்தில் அமர்ந்து ஒரு மணி நேரம் காய் நறுக்கும் பழக்கம் அவருக்கு இருந்தால், உட்கார மரமணை போட்டுக்கொள்ளட்டும். ஜமுக்காளமோ மெத்தை விரிப்போ மட்டும் அந்தத் தரையில் நிரந்தரமாகக் கிடக்கக்கூடாது. போர்வை போர்த்தினால் நமக்கு எப்படியோ அப்படித்தான் தரைக்கும், அடியில் சூடு ஏறிக்கொண்டே போகும். சென்சார் இருக்கும் இடத்தில் விரிப்பு இல்லாவிட்டால் தெர்மோஸ்டாட்டுக்கும் அது தெரியாது. இதை அம்மாவிடம் மட்டுமல்ல, வீட்டு வேலைக்கு வருபவரிடமும் சொல்லிவையுங்கள்.

டைல்ஸ் முடிந்த அன்று இரவே போட்டுப் பார்க்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். நிலாவூர் வீட்டுக்காரரும் கேட்டார். கூடாது. பசை தானாக இறுக வேண்டும், சூடு கொடுத்து உலர்த்தினால் வெடிக்கும். குறைந்தது ஒரு வாரம் விடுங்கள். பசையும் பூச்சும் வந்த மூட்டையில் அதைவிட அதிக நாள் எழுதியிருந்தால் அதுவே சரி. கான்கிரீட்டும் புதிதாகப் போட்டிருந்தால் 28 நாள். பிறகு முதல் நாள் 20 டிகிரி, அடுத்த நாள் 22 என்று படிப்படியாக ஏற்றுங்கள்.

கடைசியாக ஒன்று. மேட்டை விரித்து ஒட்டியதும், பூச்சு ஊற்றுவதற்கு முன், டேப்பை இரண்டு சுவர்களிலிருந்தும் நீட்டிவைத்து அளவு தெரியும்படி நான்கு படம் எடுங்கள். அந்தப் படத்தையும், அளந்த எண்களை எழுதிய தாளையும் மெயின் போர்டின் கதவுக்கு உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். நான்கு வருடம் கழித்து யாராவது ஒருவர் கதவுத் தடுப்பான் திருக வருவார், டிரில்லைத் தரையில் வைத்துவிட்டு, இங்கே போடலாமா சார் என்று கேட்பார். நீங்கள் அன்று வீட்டில் இல்லாமலும் இருக்கலாம்.